அயனித் திரவம் உப்புத் தண்ணீர் இல்லை, தம்பி

இந்த ப்ராஜெக்ட் பருவத்தில் இது மூன்றாவது. மன்னார்குடிப் பக்கத்துப் பையன் கொண்டுவந்த ஃபியூல் செல்லை (ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தரும் கருவி) திறந்தால், வாயு ஓடும் கிராஃபைட் வாய்க்கால்களில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது.

"என்னப்பா ஊத்தின?"

"அயானிக் லிக்விட்தான் மேடம். வேதாரண்யம் உப்பைக் கரைச்சு, நல்லா வடிகட்டித்தான் ஊத்தினேன்."

முதல் ஆள் இந்துப்பு. இரண்டாம் ஆள் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். மூவரும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். "அயனித் திரவம் சேர்த்தால் வறண்ட நிலையிலும் வினையூக்கி நன்றாக வேலை செய்யும்" என்ற வரியைப் படித்திருக்கிறார்கள். வரி சரி. ஊற்றியதுதான் தப்பு.

உப்புத் தண்ணீரில் அயனிகள் உண்டு. ஆனால் அது தண்ணீர்; அதில் உப்பு கரைந்திருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் ஆவியானால் உப்பு மிஞ்சும். அயனித் திரவத்தில் தண்ணீரே கிடையாது. உப்பே திரவமாக இருக்கிறது. சமையல் உப்பை உருக்க 801 டிகிரி வேண்டும். அயனித் திரவங்கள் 100 டிகிரிக்குள்ளேயே உருகும், பல அறை வெப்பத்திலேயே எண்ணெய் மாதிரி ஓடும். காரணம் அயனிகளின் உருவம். சோடியமும் குளோரைடும் செங்கல் மாதிரி, அடுக்கினால் கச்சிதமாக உட்காரும். இவையோ பெரியவை, கோணல்மாணலானவை. பலாப்பழத்தைச் சுவர் மாதிரி அடுக்கிப் பாருங்கள், தெரியும். அடுக்க முடியாததால்தான் கெட்டியாகாமல் திரவமாக நிற்கின்றன. ஆவியாவதும் மிகமிகக் குறைவு. 80 டிகிரி செல்லுக்குள்ளும் உலராமல் இருக்கும்.

உப்புக் கரைசல் உள்ளே போனால் இரட்டை நஷ்டம். செல்லின் நடுவே புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) கடத்தும் சவ்வு உண்டு, ஈரம் இருந்தால்தான் அது கடத்தும். அதில் புரோட்டான் உட்கார வேண்டிய இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ளும். குளோரைடு வினையூக்கியான பிளாட்டினத்தின்மேல் ஒட்டி ஆக்சிஜனுக்கு இடம் விடாது. பிளாட்டினத்தைக் கரைக்கவும் துணை போகும். கடலோரப் போர் தண்ணீரையும் இதனால்தான் கிட்டவே சேர்க்காதீர்கள் என்கிறேன்.

அடுத்த கேள்வி எப்போதும் இதுதான்: "நம்ம ஊர்க் காற்றே ஈரம்தானே மேடம், செல் எப்படிக் காயும்?" சரி, கணக்குப் போடுவோம். மயிலாடுதுறையில் ஒரு காலை, 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றை அப்படியே 80 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 7 சதவீதம்தான். வெளியே வியர்வை வழியும், உள்ளே பாலைவனம். செல் தானே தண்ணீர் உண்டாக்குகிறது, உண்மை. ஆனால் வாயு நுழையும் இடத்தில் அது சேர்வதற்குள் காற்று வாரிக்கொண்டு போய்விடுகிறது. ஓடி ஓடி வெளியேறும் இடத்தில்தான் ஈரம் சேரும். நம் டெல்டாவில் கடைமடை காயும். செல்லில் தலைமடை காய்ந்து கடைமடை நனையும்.

காய்ந்தால் பாதிப்பு சவ்வுக்கு மட்டுமில்லை. கார்பன் துளைகளுக்குள் ஒளிந்திருக்கும் பிளாட்டினத் துகள்களுக்கு அயனோமர் (புரோட்டானைக் கடத்தும் பிளாஸ்டிக், சவ்வும் அதே ரகம்தான்) போய்ச் சேராது. தண்ணீர் வழியாகத்தான் அவற்றுக்குப் புரோட்டான் வரும். ஈரம் வற்றினால் அவ்வளவு பிளாட்டினமும் சும்மா கிடக்கும். அயனித் திரவத்தை அந்தத் துளைகளில் மெல்லிசாகப் படியவைத்தால் ஈரம் வற்றினாலும் புரோட்டானுக்கு வழி இருக்கும், அயனோமரின் சல்போனேட் முனைகள் பிளாட்டினத்தில் ஒட்டி அதன் வேலையைக் கெடுப்பதும் குறையும். சில அயனித் திரவங்களில் ஆக்சிஜன் நன்றாகவே கரையும். 2010இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் எர்லபேக்கர் குழு, நுண்துளை நிக்கல்-பிளாட்டினத்தில் இதைச் செய்து காட்டியது.

"மெல்லிசாக" என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். அளவு மீறினால் துளை அடைத்து ஆக்சிஜன் உள்ளே போகாது. தண்ணீரோடு எளிதில் கலக்கும் வகை வேண்டாம். செல் உண்டாக்கும் தண்ணீரே அதைக் கழுவி வெளியே தள்ளிவிடும். விலை குறைவு என்று ஹெக்ஸாஃப்ளுரோபாஸ்பேட் வகையை வாங்கிச் சூடாக்காதீர்கள். ஈரம் பட்டுச் சிதைந்தால் ஹைட்ரஜன் ஃப்ளுரைடு வரும். அது தோலோடு நிற்காது, எலும்புவரை போகும். இணையக் கடையில் "பசுமைக் கரைப்பான்" என்று போட்டிருப்பதை நம்பி மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆவியாகாது என்பதால் காற்றைக் கெடுக்காது, அவ்வளவுதான். நீளச் சங்கிலி இமிடசோலியம் வகைகள் மீனுக்கும் பாசிக்கும் விஷம். சிங்க் வாய்க்காலில் முடியும், வாய்க்கால் வயலில் முடியும். பாட்டிலில் சேர்த்துவைத்துப் பெயர் ஒட்டுங்கள்.

இன்னொன்று: பட்டப்பகலில் ஹைட்ரஜன் தீ கண்ணுக்குத் தெரியாது. கசிவு பார்க்கச் சோப்பு நுரை போதும், தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

அயனித் திரவத்துக்குப் போகுமுன் வாயுவை ஈரப்படுத்தினீர்களா? டீஅயனைஸ்டு (அயனிகளை நீக்கிய) தண்ணீரைச் சூடாக்கி அதில் வாயுவைக் குமிழவிட்டு அனுப்பினாலே பாதிப் பிள்ளைகளின் பிரச்சினை தீர்ந்துவிடும். கேன் தண்ணீர் ஆகாது, அதில் தாது இருக்கிறது.

உப்பு ஊற்றியே விட்டீர்களா? சுவிட்சைப் போடாமல் அப்படியே கொண்டுவாருங்கள். தனிச் சவ்வாக இருந்தால் நீர்த்த சல்பூரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் காய்ச்சிச் சோடியத்தை வெளியேற்றலாம். வினையூக்கி அழுத்தி ஒட்டியதென்றால் உத்தரவாதம் சொல்ல மாட்டேன். மன்னார்குடிப் பையனுடையது அந்த ரகம். இரண்டு நாளாகக் கழுவுகிறோம், கழுவிய தண்ணீரின் மின்கடத்துதிறன் இன்னும் இறங்கவில்லை, அதாவது உப்பு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.