சிக்லிட்: சொல்லும் பொருளும்

மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் ஏஞ்சல், ஆஸ்கார், டிஸ்கஸ் என்று தனித்தனியாகச் சொல்லும் மீன்கள் எல்லாம் ஒரே குடும்பம்தான்: சிக்லிட். நாம் ஜிலேபி என்று சொல்லும் திலாப்பியாவும் இதில் சேர்ந்ததே. சிலர் அதை ஜிலேபிக் கெண்டை என்கிறார்கள். ஆனால் கெண்டை வேறு குடும்பம்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'கிக்லே' என்றால் பூங்குருவி. கடலோரப் பாறைகளிடையே வாழும் ஒரு மீனையும் கிரேக்கர்கள் அதே பெயரால் அழைத்தார்கள். 1801இல் பிளாக், ஷ்னைடர் என்ற இயற்கையியலாளர்கள் இருவரின் நூலில் தென்னமெரிக்க நன்னீர் மீன்களுக்கு 'சிக்லா' என்ற பேரினப் பெயர் வந்தது. குடும்பப் பெயர் அதிலிருந்து பிறந்ததுதான். 'சிச்லிட்' என்று எழுதுவதைவிட 'சிக்லிட்' என்பதே உச்சரிப்புக்குப் பக்கம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தோற்றத்தை வைத்துப் பெயர் சூட்ட வழியில்லை. டிஸ்கஸ் வட்டத் தட்டு. ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் குட்டி மீனும் சிக்லிட்தான். அதே கண்டத்தின் மலாவி ஏரியில் மட்டும் பல நூறு இனங்கள். இத்தனை வகை உண்டானதற்கு ஒரு முக்கியக் காரணம், தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை. அரைக்கும் வேலையை அது பார்த்துக்கொள்வதால், முன்வாய் பாசி சுரண்டவோ, பிற மீனின் செதிலைப் பிய்க்கவோ ஏற்றபடி மாற முடிந்தது. ஆனால் 'தொண்டைத்தாடை மீன்' என்றாலும் சரிவராது, கிக்லே என்ற அந்தக் கடல்மீன் வகைக்கும் அத்தகைய தாடை உண்டு.

என் கருத்தில் குடும்பத்துக்கு 'சிக்லிட்' என்றே வைத்துக்கொள்ளலாம். அவற்றின் வாழ்க்கையைச் சொல்லத்தான் நம்மிடம் அருமையான சொற்கள் இருக்கின்றன. 'வாயில் அடைகாத்தல்' என்பதைப் பாருங்கள். மலாவியின் பல இனங்களில் பெண்மீன் முட்டையிட்ட உடனே அவற்றை வாயில் அள்ளிக்கொள்ளும். ஆணின் அடிப்புறத்தில், வாலுக்குச் சற்று முன்னால் உள்ள துடுப்பில் முட்டை போலவே மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அவற்றையும் கவ்வப் போகும்போது ஆணின் விந்து வாய்க்குள் சேர்ந்து முட்டைகள் கருவுறும். அப்புறம் குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை, வாரக்கணக்கில், தாய் பெரும்பாலும் இரையே எடுக்காது. கோழிக்குச் சொல்லும் அடைகாத்தல் இந்தத் தாய்க்கும் அப்படியே பொருந்துகிறது.