எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது

பொங்கல் கபடியும் சிராவயல் மஞ்சுவிரட்டும் முடிந்த கையோடு, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பையன்கள் முட்டி வீங்கி வர ஆரம்பித்துவிடுகிறார்கள். பாதம் மண்ணில் ஊன்றி நிற்க, உடம்பு திரும்பியிருக்கும். ‘டொப்’பென்று சத்தம் கேட்டிருக்கும். கையில் ஒரு எக்ஸ்ரே. “எலும்பு நல்லாருக்காம் சார், சும்மா சுளுக்குத்தான்” என்பார் கூட வந்த அப்பா.

எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு. ஜவ்வு தெரியாது. எத்தனை பேரிடம்தான் சொல்வது! முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வு முழுக்க அறுந்திருந்தாலும் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அடிபட்ட சில மணி நேரத்திலேயே முட்டி புஸ்ஸென்று வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. அப்போதே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். முட்டியை 20–30 டிகிரி மடக்கி, கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். எம்ஆர்ஐ அதை உறுதி செய்யவும், மெனிஸ்கஸ் (முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்திருக்கிறதா என்று பார்க்கவும்.

அடுத்தது, “வீக்கம் வத்திருச்சு, நல்லா நடக்குறான்” என்பது. நேராக நடக்க ஏசிஎல் அவ்வளவாக வேண்டாம். சட்டென்று திரும்பத்தான் வேண்டும். அறுந்த ஜவ்வோடு மறுபடி களத்தில் இறங்கினால் முட்டி நழுவும். நழுவும் ஒவ்வொரு தடவையும் மெனிஸ்கஸ் நசுங்கும். ஏசிஎல்லுக்குப் பதில் வேறு தசைநாண் எடுத்து வைக்கலாம். நைந்துபோன மெனிஸ்கஸைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

நார்வேயின் பனிச்சறுக்கு வீரர் ஆக்சல் லுண்ட் ஸ்விண்டாலைப் பாருங்கள். 2016 ஜனவரியில் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூஹெல் சரிவில் விழுந்தார். வலது முட்டியில் ஏசிஎல்லும் மெனிஸ்கஸும் கிழிந்தன. அறுவை சிகிச்சை, கூடவே நிற்கும் பிசியோ என எல்லா வசதியும் இருந்தும், திரும்பி வந்தவர் முட்டித் தொல்லையால் 2017 ஜனவரியில் அந்த சீசனையே பாதியில் நிறுத்தினார். நிறுத்தியதைத்தான் கவனிக்க வேண்டும். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில், 35 வயதில், டவுன்ஹில் பனிச்சறுக்கில் தங்கம் வாங்கினார். 2019இல் ஓய்வு பெற்றதற்கும் அந்த முட்டிதான் முக்கியக் காரணம்.

எண்ணெய் போட்டு உருவாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை 15–20 நிமிடம் வைத்தால் போதும். வாரக்கணக்கில் இறுகக் கட்டிப்போட்டால் தொடை சூம்பிவிடும், முட்டி நீளாது. முட்டிக்கு அடியில் தலையணை வைப்பதுதான் எனக்கு ஆகவே ஆகாது! சுகமாக இருக்கும்; அப்படியே மடங்கி இறுகிவிடும். ஆபரேஷன் முடிந்தவர்கள் டாக்டர் அனுமதித்ததும் சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டியின் பின்பக்கம் படுக்கையைத் தொடுகிற மாதிரி தொடையை இறுக்கி 5 விநாடி பிடித்து விடுங்கள். ஒரு தடவைக்கு 10 முறை, பகலில் பல தடவை. முட்டி நேராகாமல் மற்ற பயிற்சிக்குப் போகக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, முட்டி பூட்டிக்கொண்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆபரேஷன் முடிந்து மூன்று, நான்கு மாதத்தில் வலியே இருக்காது. ஆபத்தான கட்டம் அதுதான், புது ஜவ்வு இன்னும் உரம் பிடித்திருக்காது. குறைந்தது 9 மாதம். அதன் பிறகும் ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் தொடை பலமும் நல்ல காலின் அளவில் 90 சதவீதமாவது வந்த பிறகே கபடி.

கமிட்டி அண்ணன்மார்களே, செமிஃபைனல் என்று க்ரேப் பேண்டேஜ் சுற்றி அடிபட்ட பையனை இறக்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கட்டு வீக்கத்தை அமுக்கும், திருகலைத் தடுக்காது.