ட்யூபுக்குள் பூசிய தூள்

திருமங்கலத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வெண்புள்ளி. வாரம் இரண்டு நாள் மதுரைக்கு அழைத்துவந்து ஒளி சிகிச்சை கொடுக்கிறார். ஆளுயரப் பெட்டி, உள்ளே சுற்றிலும் ஆறடி ட்யூப்கள், கறுப்புக் கண்ணாடி அணிந்து ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். சென்ற மாதம் அந்தப் பெட்டியில் ட்யூப்களை மாற்றியிருக்கிறார்கள். மறுநாள் பிள்ளையின் கழுத்தும் கைகளும் சிவந்து எரிந்தன. "அதே பெட்டி, அதே ஐந்து நிமிடம். ட்யூப் மாற்றினால் இப்படி ஆகுமா?" என்று கேட்கிறார். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஜெர்மனியில் வேலைபார்க்கும் மைத்துனர், அங்கே தோலைக் கறுக்கவைக்கும் படுக்கைகளுக்கான ட்யூப் மலிவாகக் கிடைக்கிறது, அதே நீளம், அதே 100 வாட், வாங்கி வரவா என்கிறாராம். வீட்டிலேயே ஒரு பெட்டி செய்துவிடலாமா?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த ட்யூபை மாட்டலாம், அது எரியவும் செய்யும். ஆபத்தே அங்குதான் இருக்கிறது. இரண்டுக்கும் நீளம் ஏறக்குறைய 1.76 மீட்டர். முனையில் இருக்கும் இரண்டு பின்களுக்கு இடைவெளி 13 மில்லிமீட்டர், நம் வீட்டு ட்யூப்லைட்டுக்கு இருப்பதேதான். தவறான ட்யூப் என்று ஹோல்டர் சொல்லாது.

உள்ளே நடப்பது பள்ளியில் படித்ததுதான். சிறிதளவு பாதரச ஆவி, அதில் மோதும் எலக்ட்ரான்கள், வெளிப்படும் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். எல்.இ.டி. அல்லாத பழைய வீட்டு ட்யூப்லைட், தண்ணீர் சுத்திகரிப்பானில் இருக்கும் புற ஊதா விளக்கு, ஜெர்மனியின் படுக்கை, மதுரையின் சிகிச்சைப் பெட்டி, நான்கிலும் இதுவரை ஒரே கதைதான். சுத்திகரிப்பானில் மட்டும் தூள் கிடையாது. 254 அப்படியே வெளியே வந்து கிருமியைக் கொல்கிறது. மற்ற மூன்றிலும் கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைத் தூள் அந்தக் கதிரை விழுங்கி, வேறொரு கதிராக மாற்றித் தருகிறது. எந்தக் கதிர் என்பதைத் தீர்மானிப்பது தூள்.

சிகிச்சை ட்யூபின் தூளில் இருப்பது கடோலினியம். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சிலருக்கு ஊசியில் ஏற்றுகிறார்களே, அதே தனிமம். எனக்கு இதன்மேல் தீராத வியப்பு உண்டு. அதன் அணுவில் 4எஃப் என்ற எலக்ட்ரான் கூட்டில் ஏழு ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான்களுக்கான ஏழு அறைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எலக்ட்ரான். அந்தக் கூடு அணுவின் உள்ளே ஒதுங்கியிருக்கிறது. அதற்கு வெளியே மற்ற எலக்ட்ரான்கள் மதில்போலச் சூழ்ந்து நிற்கின்றன. வெளிவீதியில் எத்தனை பஸ் இரைந்தாலும் மீனாட்சி கோயிலின் உட்பிராகாரத்துக்கு அது எட்டுவதில்லை அல்லவா, அதுபோலச் சுற்றியுள்ள படிகம் எதுவானாலும் அந்த ஏழு எலக்ட்ரான்களைப் பெரிதாக அசைக்க முடியாது. அதனால் கடோலினியம் எங்கே குடியிருந்தாலும் 311 நானோமீட்டரை ஒட்டிய ஒல்லியான ஒரே கோடாகக் கதிரை விடுகிறது. ஆனால் பாதரசம் தரும் 254ஐ நேரடியாக வாங்கிக்கொள்ள அதற்கு அவ்வளவாகத் தெரியாது. ஆகவே தூளில் பிஸ்மத் என்ற உலோகம் போன்ற ஒரு துணையையும் சேர்க்கிறார்கள். பிஸ்மத் 254ஐ வாங்கி, தானே ஒளிர்ந்துவிடாமல், பக்கத்திலிருக்கும் கடோலினியத்திடம் ஆற்றலைக் கைமாற்றுகிறது. உள்ளே போன ஆற்றல் 4.9 எலக்ட்ரான் வோல்ட், வெளியே வருவது 4.0, மீதி வெப்பமாகிறது.

311 ஏன் வேண்டும்? 1981இல் பாரிஷ், யெனிக்கே என்ற இரு ஆய்வாளர்கள் சொரியாசிஸ் தடிப்புகளில் வெவ்வேறு அலைநீளங்களைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். 290 வரையிலான கதிர்கள் தோலைச் சுட்டன, ஆற்றவில்லை, 313 ஆற்றியது. வெண்புள்ளிக்கும் இந்தக் குறுகிய கதிர் உதவும் என்பது 1990களில் தெரியவந்தது.

படுக்கை ட்யூபில் இருக்கும் தூள் வேறு. ஈயம் கலந்த பேரியம் சிலிக்கேட் என்றால் 350ஐ ஒட்டியும், யூரோப்பியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் போரேட் என்றால் 370ஐ ஒட்டியும் அகலமான கதிர் வரும். ஐரோப்பிய ட்யூபின்மேல் '100-ஆர்-47/3.2' என்பதுபோல ஒரு குறியீடு இருக்கும். முதல் எண் வாட். எழுத்து உள்ளிருக்கும் பிரதிபலிப்புப் பூச்சின் வகை. அடுத்தது தோலைச் சிவக்கவைக்கும் திறன். கடைசி எண் 320 நானோமீட்டருக்குக் கீழும் மேலும் உள்ள கதிர்களின் தீங்கு விகிதம். படுக்கைக்காரர்களே குறியீடு பொருந்தாத ட்யூபை மாட்டக் கூடாது என்பதுதான் விதி. வாட் ஒன்றானாலும் கதிர் ஒன்றல்ல. இந்தப் படுக்கைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் சேர்த்தது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் இல்லாத வெண்புள்ளியில் அந்த வெளிச்சம் படுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. மாசி வீதிகளின் நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி வாங்கி அரைத்துப் பூசி வெயிலில் நிற்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அதிலிருக்கும் சோராலென் என்ற வேதிப்பொருள் இத்தகைய கதிரோடு சேர்ந்து உண்மையாகவே வேலை செய்யும் மருந்து. அளவு தவறினால் கொப்புளிக்கவைக்கும்.

இனி முதல் கேள்வி. ட்யூப் எரிய எரியத் தூள் சேதப்படுகிறது, பாதரசம் அதில் படிகிறது, கண்ணாடியும் கதிரை விடுவதில் மந்தமாகிறது. கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத 311 இறங்கிக்கொண்டே வரும். பழைய ட்யூப் 70 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து நிமிடத்தில் கிடைத்த கதிர், புதியதில் மூன்றரை நிமிடத்திலேயே கிடைத்துவிடும். அதே ஐந்து நிமிடம் நிறுத்தினால் தோல் எரியத்தான் செய்யும். பிள்ளையின் உடம்பில் குறையில்லை. மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்று உறவினர்கள் சொன்னால் கேட்காதீர்கள். வெண்புள்ளி வந்ததற்கும் அது காரணமில்லை, தோல் எரிந்ததற்கும் இல்லை.

இதைத் தவிர்க்க ஒரு கதிர் அளவி போதும். கடோலினியம் அருமண் தனிமங்களில் ஒன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து அருமண் தாதுவைப் பிரித்தெடுக்கும் மாநிலம் இது. இத்தகைய தூள்களை, அதாவது ஒளிர்பொருள்களை, ஆராய்ந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மதுரையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம். இந்தத் தூளுக்கும் மலிவான அளவிக்கும் அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த முறை போகும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எல்லா ட்யூப்களையும் ஒன்றாக மாற்றினார்களா, மாற்றியபின் அளவியால் அளந்தார்களா, நேரத்தைக் குறைத்துத் தொடங்குவார்களா. சில ட்யூப்களை மட்டும் மாற்றினால் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகச் சுடும். ட்யூப் மாற்றிய தேதியை மகளின் சிகிச்சை நோட்டில் எழுதி வையுங்கள். மைத்துனரிடம் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.