அடுத்த வீட்டு வைஃபை சொல்லும் துப்பு

தேவகோட்டை பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வைத்த லேப்டாப் பை காணாமல் போன மறுநாள், அக்கா மகள் போனில் கூவினாள்: “அம்மான், மெட்ராஸ்ல இருக்குன்னு காட்டுது! காலைல பல்லவன்ல கிளம்பட்டா?”

அவள் பார்த்தது ஜிமெயிலின் உள்நுழைவுப் பட்டியல். பாஸ்வேர்டே போடாத லேப்டாப். எடுத்தவர் திறந்து நெட்டில் சேர்த்ததும் அவள் கணக்கும் உயிர்பெற்றுவிட்டது. ஆனால் அங்கே தெரிந்த ‘சென்னை’, ஐ.பி. முகவரியை, அதாவது நெட்டில் சேரும்போது நிறுவனம் கொடுக்கும் எண்ணை வைத்துப் போட்ட ஊகம். காரைக்குடியில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைந்தாலும், அந்த டேட்டா நிறுவனத்தின் சென்னை மையம் வழியாக இணையத்துக்குப் போகலாம். போதாததற்கு, ஒரே ஐ.பி.யைப் பல வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் அதில் யார் இருந்தார் என்பதை நிறுவனம் போலீஸ் கேட்டால்தான் சொல்லும். அதனால் பதறிப்போய் ‘எல்லா இடத்திலும் வெளியேறு’ என்று அழுத்துவதற்கு முன், ஐ.பி.யையும் நேரத்தையும் படமெடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அப்படியானால் சரியான இடம் தெரிவது எப்படி? பெரும்பாலான லேப்டாப்களில் ஜி.பி.எஸ். கிடையாது. அக்கம்பக்கத்தை வைத்துத்தான் அது இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு வைஃபை ரௌட்டரும் தனக்கே உரிய 48 பிட் எண்ணை நொடிக்குச் சுமார் 10 முறை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்க பாஸ்வேர்டு வேண்டாம். எந்த ரௌட்டர் எந்த இடத்தில் என்ற பதிவேடு கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது. தெருவில் போகிற போன்கள் தங்கள் ஜி.பி.எஸ்.ஸோடு சேர்த்துக் கொடுத்த தகவல் அது. கானாடுகாத்தானில் வழி கேட்டால் கதவு எண்ணா சொல்வார்கள்? இன்னார் வீட்டுக்கு எதிர்வீடு என்பார்கள். லேப்டாப்பும் அப்படித்தான்.

சிக்கலும் அங்கேதான். காரைக்குடி செக்காலை ரோட்டில் கடைக்கு ஒரு ரௌட்டர். மேப்பில் இடத்தைக் காட்டும் வட்டம் சில பத்து மீட்டருக்குச் சுருங்கிவிடும். எங்கள் செட்டிநாட்டுக் கிராமங்களிலோ பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, ரௌட்டருக்கு எங்கே போவது? இருக்கிற ஒன்றிரண்டின் சிக்னலையும் கனத்த சுவர்கள் விழுங்கிவிடும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகளுக்கு நடுவே, 100 மீட்டர் வட்டத்தை வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது? போலீஸ் துணையின்றித் தட்டவும் கூடாது.

விண்டோஸில் 2015 முதல் ‘என் சாதனத்தைக் கண்டுபிடி’ வசதி உண்டு. முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும், லேப்டாப் நெட்டிலும் இருக்க வேண்டும். பேட்டரி தீரும் என்று இவள் அந்த வசதியை அணைத்து வைத்திருந்தாள். 2019-இல் ஆப்பிள் ஒரு படி மேலே போனது: நெட் இல்லாத ஆப்பிள் லேப்டாப்பின் புளூடூத் குரலை, பக்கத்தில் போகிற யாரோ ஒருவரின் ஐபோன் கேட்டு, பூட்டிய செய்தியாக அனுப்பிவிடும். விண்டோஸைப் பொறுத்தவரை ஃபார்மட் அடித்தால் கதை முடிந்தது.

“ஐ.எம்.இ.ஐ. போட்டுத் தேட முடியாதா?” என்றாள். அது போனுக்கு உரிய அடையாள எண். சிம் போட வசதியில்லாத லேப்டாப்புக்குக் கிடையாது. லேப்டாப்பின் வைஃபைக்கு உரிய எண்ணான மேக் (MAC) முகவரியும் ரௌட்டரைத் தாண்டி இணையத்துக்குப் போகாது. ஃபார்மட்டுக்கும் அழியாமல் மதர்போர்டில் நிற்பது சீரியல் எண். பழுது பார்க்கிறவரோ பழையது வாங்குகிறவரோ பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரையைத் திறந்தால் தெரியும். புகாரில் அது இருந்தால்தான், பிடிபட்ட லேப்டாப் இவளுடையது என்று நிரூபிக்க முடியும்.

பில் கிடைக்கவில்லை. லேப்டாப் வந்த அட்டைப்பெட்டி ரெண்டாங்கட்டில் இருந்தது. ஆச்சி அதில் கூழ்வற்றல் போட்டு வைத்திருந்தார்கள். வற்றலைச் சுளகில் கொட்டிவிட்டு, சீரியல் எண் இருந்த அடிப்பக்க ஸ்டிக்கரைப் படமெடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம்.