டோக்கனிசம்: ஒப்புக்கு ஓர் ஆள்

ரேஷன் கடையில் கொடுக்கிறார்களே டோக்கன், அதுதான் இந்தச் சொல்லுக்கும் வேர். 'அடையாளம்' என்பது அதன் பழைய ஆங்கிலப் பொருள். சில்லறைத் தட்டுப்பாட்டுக் காலங்களில் இங்கிலாந்துக் கடைக்காரர்கள் தாங்களே அடித்துப் புழங்கவிட்ட வில்லைகளுக்கும் டோக்கன் என்றே பெயர். பார்த்தால் காசு மாதிரி இருக்கும், அரசாங்கக் காசு இல்லை.

டோக்கனிசமும் அப்படித்தான். ஒதுக்கி வைத்தவர்களில் ஒன்றிரண்டு பேரை உள்ளே விட்டுவிட்டு, எல்லாருக்கும் இடம் கொடுத்ததாகக் காட்டிக்கொள்வது. அமெரிக்காவில் வெள்ளையர் பள்ளிகள் விரல்விட்டு எண்ணும் அளவில் கறுப்பின மாணவர்களைச் சேர்த்ததோடு நிறுத்திக்கொண்ட நாட்களில் பரவிய சொல் இது. 1962இல் மார்ட்டின் லூதர் கிங் இதைக் கண்டித்தே ஒரு கட்டுரை எழுதினார்.

சினிமாவிலும் இதைப் பார்க்கலாம். அதே ஆண்டு வந்த பிரிட்டிஷ் பாப் இசைப் படம் 'இட்ஸ் டிராட், டாட்!'. சப்பி செக்கர், கேரி யூ.எஸ். பாண்ட்ஸ், ஜீன் மெக்டேனியல்ஸ் என்று கறுப்பினப் பாடகர்கள் அதில் உண்டு. மூவருமே அமெரிக்கர்கள். வருவார்கள், பாடுவார்கள், அவ்வளவுதான். வெள்ளைப் பாடகர்கள் பலரும் அப்படித்தான் வந்து போகிறார்கள் என்பது உண்மை. ஆனால் கதையை நடத்தும் ஹெலன் ஷாப்பிரோ, கிரெய்க் டக்ளஸ் இருவரும் வெள்ளையர்.

பிரிட்டிஷ் இசைக்குழு பீட்டில்ஸ் நடித்த 'ஹெல்ப்!' (1965) வேறு ரகம். கிழக்கத்தியப் பலிபூசைக் கூட்டத்தின் தலைவனாக லியோ மெக்கெர்ன், பூசாரிப் பெண்ணாக எலினார் பிரான். இருவருமே வெள்ளை நடிகர்கள். அசல் இந்தியர்களுக்குக் கிடைத்தது, உணவகக் காட்சியில் பின்னால் உட்கார்ந்து வாசிக்கும் வேலை. படப்பிடிப்பில் அவர்களுடைய சிதாரைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் பீட்டில்ஸ் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனுக்கு அதன்மேல் ஆசை வந்தது! படத்துக்கு வெளியே இவ்வளவு செய்தவர்களுக்குப் படத்துக்குள் வசனம் இல்லை.

'பாபிலோன்' (1980) என்ற பிரிட்டிஷ் படம் வந்தபோது, ரெக்கே என்னும் ஜமைக்கா இசையை வாசித்த குழுவான அஸ்வாடின் பிரின்ஸ்லி ஃபோர்ட் நாயகன். தெற்கு லண்டன் கறுப்பின இளைஞர்களின் கதை. அங்கே டோக்கனிசத்துக்கு வேலையில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அடையாளவாதம்' என்றால் அடையாள அரசியலோடு குழம்பும். 'குறியீட்டுவாதம்' கவிதை விமர்சனத்துக்குப் போய்விட்டது. 'கண்துடைப்பு' எல்லா ஏமாற்றுக்கும் பொது. விளையாட்டில் பேருக்குச் சேர்த்துக்கொள்ளும் பிள்ளையை 'ஒப்புக்குச் சப்பாணி' என்போம்; பொருள் கச்சிதம், ஆனால் உடற்குறையைக் கேலி செய்கிற சொல். அதை விட்டுவிட்டு 'ஒப்புக்குச் சேர்ப்பு' என்று எழுதலாம். பேச்சில், "அவரை ஒப்புக்குத்தான் சேர்த்திருக்காங்க" என்றாலே போதும்.