மேர்ஜர்: ஒன்றிணைப்பா, கொள்வனவா, கையேற்பா?

ஊடகக் கம்பனி ஒன்று கைமாறும் செய்தி வந்தால் நமது பத்திரிகைகளில் ‘இணைப்பு’ என்ற ஒரே சொல்தான் தலைப்பில் ஏறுகிறது. காசு கொடுத்து வாங்கினாலும் இணைப்பு, பணிப்பாளர் சபை வேண்டாம் என்ற பிறகும் பங்குகளை வளைத்துப் பிடித்தாலும் இணைப்பு. 2024இல் ‘டயலொக் – எயார்டெல் இணைப்பு’ என்ற தலைப்பைக் கண்டு யாராவது புதிய லைன் தருகிறார்கள் என்று நினைத்திருந்தால் அவரில் பிழையில்லை. கொழும்பில் இணைப்பு என்றால் முதலில் போனும் கேபிளும்தான்.

மேர்ஜர் (merger) என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் ‘மேர்கெரே’. அமிழ்த்துதல், மூழ்கச் செய்தல் என்று பொருள். கம்பனிகளுக்கு வருமுன் அது ஆங்கிலக் காணிச் சட்டத்தில் புழங்கியது. குத்தகைக்கு இருந்தவர் அதே காணியை அறுதியாக வாங்கிவிட்டால், சிறிய உரிமையான குத்தகை பெரிய உரிமைக்குள் அமிழ்ந்து இல்லாமற்போகும். கம்பனி விடயத்திலும் அதே கணக்குத்தான்: ஒன்று மற்றதற்குள் போகிறது, அல்லது இரண்டும் சேர்ந்து ஒரே கம்பனியாகத் தொடர்கின்றன. தமிழில் ‘இணை’ என்பதோ சோடி, நிகர். இரண்டும் இரண்டாக நிற்கும்போதுதான் இணை. ஆகவே கண்டிப்பான பொருளில் மேர்ஜருக்கு ‘ஒன்றிணைப்பு’ பொருந்தும். வெறும் ‘இணைப்பு’ பொருந்தாது.

சமமானவர்கள் சேர்கிறோம் என்று கம்பனிகளே சொல்வதை அப்படியே மொழிபெயர்ப்பதும் ஆபத்து. 2000 ஜனவரியில் இணையச் சேவைக் கம்பனியான ஏஓஎல்லும் ஊடகக் கம்பனியான டைம் வோர்னரும் அப்படித்தான் அறிவித்தன. பங்குப் பிரிப்பில் ஏஓஎல் தரப்புக்கு 55 சதவீதம். 2003இல் கம்பனியின் பெயரிலிருந்து ஏஓஎல் நீங்கியது, 2009இல் அதைத் தனியாகப் பிரித்தே விட்டார்கள்.

ஒரு கம்பனி மற்றதன் பங்குகளையோ ஒரு பிரிவையோ விலைக்கு வாங்குவது கொள்வனவு (acquisition). விலையைக் காசாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. டயலொக் எயார்டெல் லங்காவின் பங்குகள் முழுவதையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தன் பங்குகளில் 10.355 சதவீதத்தை அதன் தாய்க் கம்பனியான பார்தி எயார்டெல்லுக்குக் கொடுத்தது. பங்காக விலை கொடுத்த கொள்வனவு அது. இந்த இடத்தில் சிலர் ‘சுவீகரிப்பு’ என்று எழுதுகிறார்கள். இலங்கையில் சுவீகரிப்பு என்றால் அரசாங்கம் காணி எடுப்பது, சுவீகாரம் என்றால் பிள்ளை எடுப்பது. இரண்டும் இங்கே வேண்டாம். சென்னைப் பத்திரிகைகளின் ‘கையகப்படுத்தல்’ அங்கே நிலம் எடுப்பதற்கான சொல்; அதற்கும் இதே குறைதான்.

கையேற்பு (takeover) என்பது கட்டுப்பாடு கைமாறுவது. எவ்வளவு வாங்கினார் என்பதைவிட யார் சொல் இனிச் செல்லும் என்பதே இதில் முக்கியம். கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளுக்கு இதை அளக்கும் கோடு 30 சதவீதம். 1995ஆம் ஆண்டு வந்து 2003இல் திருத்தப்பட்ட கையேற்பு, ஒன்றிணைப்புக் கோவை என்ற விதித்தொகுப்பின்படி, ஒருவரோ அவரோடு கூட்டாகச் செயற்படுபவர்களோ அந்தக் கோட்டை எட்டினால், மிகுதிப் பங்குதாரர் எல்லோருக்கும் விலைமுனைவு (உங்கள் பங்கை இன்ன விலைக்கு வாங்குகிறேன் என்ற அறிவிப்பு) செய்தாக வேண்டும். அந்த விலை, முந்திய 12 மாதங்களில் அவர் கொடுத்த மிக உயர்ந்த விலைக்குக் குறையக்கூடாது. சிறு பங்குதாரருக்கு இது பெரிய பாதுகாப்பு.

பணிப்பாளர் சபை மறுத்த பிறகு பங்குதாரரிடமே நேராகப் போய்க் கேட்பதை ‘விரோதக் கையேற்பு’ என்று எழுதுகிறார்கள். பங்குதாரருக்கு அதில் விரோதம் ஒன்றுமில்லை, பல வேளைகளில் கூடுதல் விலை கிடைக்கிறது. இசைவு இல்லாதது சபைக்கு மட்டுமே. ‘சபை இசையாக் கையேற்பு’ என்றால் நடந்தது விளங்கும்.

இனி ‘ஏலப் போர்’. இரண்டு கம்பனிகள் ஒரே சொத்துக்கு மாறி மாறி விலை கூட்டுவதற்கு இப்படி எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஏலம் போர்த்துக்கேயரின் ‘லெய்லாவ்’ தந்த சொல். அதற்கும் மூலம் அரபு. மலையாளத்தில் முதலெழுத்துக் கெடாமல் ‘லேலம்’ என்றே இருக்கிறது. ஹிந்தியின் ‘நீலாம்’ அதே குடும்பம். சிங்களத்தின் ‘வெந்தேசிய’ மட்டும் ஒல்லாந்தர் விட்டுப்போனது. வேர் எதுவானாலும் ஏலத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1883இலிருந்து நடக்கும் கொழும்புத் தேயிலை ஏலத்தைப் பாருங்கள்: விற்கும் தரகர் இருக்கிறார், இலக்கமிட்ட தொகுதி இருக்கிறது, மேலே கேட்பார் இல்லையென்றால் கடைசி விலையில் சரக்குப் போகும்.

ஊடகக் கம்பனிகளின் போட்டியில் பெரும்பாலும் இந்த ஒழுங்கு இல்லை. 2017 டிசம்பரில் டிஸ்னி, ஃபொக்ஸின் பெரும்பகுதிக்கு 52.4 பில்லியன் டொலர் பெறுமதியான தன் பங்குகளைத் தருவதாக உடன்பட்டது. 2018 ஜூன் 13 அமெரிக்கக் கேபிள் கம்பனியான கொம்காஸ்ட் 65 பில்லியன், முழுவதும் காசு என்றது. ஒரு வாரத்தில் டிஸ்னி காசும் பங்குமாக 71.3 பில்லியனுக்கு ஏறியது. விலை மட்டுமல்ல, அனுமதியும் இந்தப் போட்டியில் ஓர் ஆயுதம். 22 பிராந்திய விளையாட்டு அலைவரிசைகளை விற்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அமெரிக்க நீதித் திணைக்களம் அந்த மாதமே டிஸ்னிக்கு வழிவிட்டது. ஜூலையில் கொம்காஸ்ட் விலகியது. கூடிய விலை சொன்னவருக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் சபைக்கு இல்லை. காசு எங்கிருந்து வரும், ஒழுங்குமுறை அதிகாரிகள் விடுவார்களா என்பதையும் அது நிறுக்கும். இதற்கு ‘ஏலப் போர்’ பொருந்தாது. ‘கேள்விப் போட்டி’ என்று சொல்லலாம்தான், கேள்விப்பத்திரம் கோருவது நமக்குப் பழக்கமான விடயம். ஆனால் பாடசாலைப் பொது அறிவுப் போட்டி என்று வாசகர் நினைப்பார். ‘விலைப் போட்டி’ என்றால் கடைக்காரர் விலை குறைக்கும் போட்டியாகிவிடும். ‘விலைமுனைவுப் போட்டி’ நீளமானாலும் குழப்பம் தராது.

ஆனால் அதே கதையின் அடுத்த அத்தியாயத்தில் ஏலம் என்ற சொல் அச்சொட்டாகப் பொருந்துகிறது. பிரித்தானியாவின் ஸ்கை தொலைக்காட்சிக் கம்பனிக்கு ஃபொக்ஸும் கொம்காஸ்ட்டும் மாதக்கணக்கில் இழுபட்டதால், அங்கு கையேற்புகளைக் கண்காணிக்கும் கையேற்புச் சபை 2018 செப்டெம்பர் 22 உண்மையான ஏலமொன்றை வைத்தது. மூன்று சுற்று. முதலாவதில் பின்னால் நின்ற ஃபொக்ஸ் மட்டும் விலை கூட்டலாம், இரண்டாவதில் கொம்காஸ்ட், அப்படியும் முடியாவிட்டால் மூன்றாவதில் இருவரும் ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும். ஸ்கையின் பங்கொன்றுக்கு கொம்காஸ்ட் சொன்னது 17.28 பவுண், ஃபொக்ஸ் சொன்னது 15.67; கொம்காஸ்ட் வென்றது. 2016 டிசம்பரில் ஃபொக்ஸ் முதலில் சொன்ன விலை 10.75 பவுண்தான்.

தொகைகளை எழுதும்போதும் சறுக்கும் இடங்கள் உண்டு. 2025 டிசம்பரில் வோர்னர் பிரதர்ஸுக்கு நெட்ஃபிளிக்ஸ் சொன்ன விலையை ஒரு செய்தி 72 பில்லியன் டொலர் என்றது, இன்னொன்று 82.7 பில்லியன் என்றது. இரண்டும் சரி. முதலாவது பங்குகளின் மதிப்பு, இரண்டாவது கடனையும் சேர்த்தது. சில நாட்களில் பரமவுண்ட் சொன்ன 108.4 பில்லியனை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் பிழை. நெட்ஃபிளிக்ஸ் கேட்டது ஸ்டூடியோவையும் ஸ்ட்ரீமிங்கையும், பரமவுண்ட் கேட்டது கேபிள் அலைவரிசைகளோடு முழுக் கம்பனியையும்.

விஜய் டிவியின் தாய்க் கம்பனியான ஸ்டார் இந்தியாவும் வயாகொம்18உம் 2024 நவம்பரில் ஒன்றானபோது சொல்லப்பட்ட மதிப்பு 70,352 கோடி ரூபாய். டிஸ்னிக்கு 36.84 சதவீதம், மிகுதி ரிலையன்ஸிடமும் அதன் கட்டுப்பாட்டிலுள்ள வயாகொம்18இடமும். வடிவத்தில் ஒன்றிணைப்பு, கட்டுப்பாட்டைப் பார்த்தால் ரிலையன்ஸின் கையேற்பு. செய்தியில் இரண்டையும் சொல்லலாம், தலைப்பில் ஒன்றுதான் கொள்ளும் என்றால் ‘ஒன்றிணைப்பு’ போதும். நாம் பில்லியனில் எண்ணுகிறோம், ஒரு பில்லியன் 100 கோடி. ஆகவே அந்தத் தொகை 703.52 பில்லியன். கூடவே ‘இந்திய ரூபாய்’ என்று போடாவிட்டால் கொழும்பு வாசகர் இலங்கை ரூபாவாக எடுத்துக்கொள்வார்.