முன்முயற்சியா, முன்மொழிவா?

கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கும் என் சித்தி, தேர்தல் நேரத்தில் கைக்கு வந்த ஒரு தமிழ்த் துண்டறிக்கையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதில் ‘வாக்குச்சீட்டு முன்முயற்சி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. “இது முயற்சிதானே? நாங்க ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்சாலும் அப்புறம் அரசாங்கம் பார்த்துத்தானே சட்டமாக்கும்?” என்று கேட்டார். இல்லை சித்தி, பாதிக்கு மேல் ‘ஆம்’ விழுந்தால் அதுவே சட்டம் என்றேன். “அப்ப ஏன் முயற்சின்னு போட்டிருக்கான்?”

இந்தச் சொல்லை நானும் பல வருடமாகப் பார்த்துப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன், இனி முடியாது.

ஆங்கிலத்தில் ‘பாலட் இனிஷியேட்டிவ்’ என்பதைத்தான், அதாவது ஒரு சட்டத்தை மக்களே எழுதி வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவதைத்தான், இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். இனிஷியேட்டிவ் என்பதன் வேர் லத்தீனில் ‘தொடக்கம்’. அதோடு சேர்ந்தே பேசப்படும் ரெஃபரண்டம், அதாவது ஏற்கெனவே போட்ட சட்டத்தையோ ஒரு கேள்வியையோ மக்கள் வாக்குக்கு விடுவது, என்பதன் வேருக்குத் திரும்பக் கொண்டுபோதல், ஒருவர் பார்வைக்கு அனுப்புதல் என்று பொருள். வேர் இவ்வளவுதான், இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஊரில் இவை என்னவாக இருக்கின்றன என்று பார்த்தால்தான் தமிழ் பிடிபடும்.

சுவிட்சர்லாந்தைப் பார்த்து அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்ட முறை இது. மாநில அளவில் முதலில் ஏற்றது தெற்கு டகோட்டா, 1898இல். 1902இல் ஓரிகன். கலிபோர்னியாவுக்கு வந்தது 1911இல். அந்தக் காலத்தில் அங்கே சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி வைத்ததுதான் சட்டம், யார் வேட்பாளர் என்பதுவரை அதன் கை நீளும். அதை எதிர்த்தே பிரச்சாரம் செய்து 1910இல் ஆளுநரானவர் ஹைரம் ஜான்சன். மறு ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி நடந்த சிறப்புத் தேர்தலில், சட்டத்தை மக்களே கொண்டுவரும் உரிமை, பேரவை போட்ட சட்டத்தை மக்கள் முன் நிறுத்தும் உரிமை, பதவியில் இருப்பவரை இடையிலேயே இறக்கும் உரிமை மூன்றும் நிறைவேறின. பெண்களுக்கு வாக்குரிமையும் அதே நாளில்தான், சில ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்து வந்தது.

இதில் முதல் உரிமைதான் இனிஷியேட்டிவ். முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து சேர்த்தால் சாதாரணச் சட்டத்தை வாக்குச்சீட்டில் ஏற்றலாம், அரசமைப்புத் திருத்தத்துக்கு 8 சதவீதம். 2022 தேர்தல் கணக்கில் அது முறையே 5,46,651-உம் 8,74,641-உம் கையெழுத்துகள். சித்தி காய்கறி வாங்கப் போகும் கடை வாசலில் அட்டையில் தாளைச் செருகி வைத்துக்கொண்டு நிற்பவர்கள் சேர்ப்பது இதைத்தான். 1978 ஜூனில் வீட்டு வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் கட்டிப்போட்ட 13ஆம் முன்மொழிவு இப்படி வந்ததுதான். இன்றுவரை அந்த மாநிலத்தின் பள்ளிக்கூட நிதியும் நகராட்சி வரவும் அதைச் சுற்றியே ஓடுகின்றன. இப்படி வந்த ஒரு சட்டத்தை, அந்தச் சட்டமே இடம் கொடுத்தால் ஒழிய, மறுபடி மக்களிடம் போகாமல் பேரவையால் திருத்த முடியாது. இதைப் போய் ‘முயற்சி’ என்றால் எப்படி?

‘முன்முயற்சி’ என்பவர்களின் வாதம் எனக்குத் தெரியும். அகராதியில் அப்படித்தான் இருக்கிறது, முன்கை எடுத்துச் செய்வது என்ற பொருள் வருகிறது என்பார்கள். ஒரு ஆளின் குணத்தைச் சொல்ல அது சரி. ஆனால் சட்டமன்றப் பேச்சில் இனிஷியேட்டிவ் என்பது ஒரு சட்டத்தை அவை முன் கொண்டுவரும் உரிமை. அதற்கு நம்மிடம் எத்தனையோ காலமாகப் புழங்கும் சொல் இருக்கிறது. எந்தச் சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் ஒருவர் எழுந்து ‘முன்மொழிகிறேன்’ என்பார், இன்னொருவர் ‘வழிமொழிகிறேன்’ என்பார், அப்புறம் வாக்கெடுப்பு. கலிபோர்னியாவில் நடப்பதும் இதேதான். எழுதிக் கொடுப்பவர் முன்மொழிகிறார், கடை வாசலில் கையெழுத்துப் போடும் ஐந்தரை லட்சம் பேர் வழிமொழிகிறார்கள், பிறகு ஊரே வாக்களிக்கிறது. ஆகவே இது ‘மக்கள் முன்மொழிவு’. ‘வாக்குச்சீட்டு’ என்பதை முன்னால் ஒட்டுவதும் வேண்டாத வேலை. மொழிவது மக்கள், சீட்டு வெறும் தாள்.

இதற்கு ஒரு நண்பர் சொன்ன மறுப்பு உண்மையிலேயே யோசிக்க வேண்டியது. கலிபோர்னியாவில் வாக்குச்சீட்டில் வரும் எல்லாமே, பேரவை அனுப்பி வைத்தவை உட்பட, எண் போட்ட ‘முன்மொழிவு’கள்தானே, குழம்பாதா என்றார். குழம்பாது, இன்னும் தெளியும். கையெழுத்தில் வந்தால் மக்கள் முன்மொழிவு, பேரவையிலிருந்து வந்தால் பேரவை முன்மொழிவு. யார் மொழிந்தது என்பது பெயரிலேயே நின்றுவிடும்.

ரெஃபரண்டத்துக்கு ‘கருத்துக்கணிப்பு’ என்று எழுதுபவர்களைப் பற்றிப் பேசவே மனமில்லை. தேர்தலுக்கு முன்னால் தொலைக்காட்சிகள் எடுப்பது கருத்துக்கணிப்பு, அது யாரையும் கட்டுப்படுத்தாது. ‘பொதுவாக்கெடுப்பு’ நல்ல சொல். இலங்கையில் ‘சர்வசன வாக்கெடுப்பு’ என்பார்கள். 1982 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கலாமா என்று விளக்கு, குடம் என்ற இரண்டு சின்னம் கொடுத்துக் கேட்டது அப்படி ஒன்று. அங்கே கேள்வியை வைத்தது அரசு, கலிபோர்னியாவிலோ அரசு போட்ட சட்டத்தின் மேல் மக்கள் கேள்வி வைக்கிறார்கள்.

நான் கடுமையாக எதிர்ப்பது, கலிபோர்னியாவின் இந்த ரெஃபரண்டத்துக்குப் போடும் ‘சட்டநீக்க வாக்கெடுப்பு’ என்ற புதுச் சொல்லை. கேட்கத் துல்லியமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள். சுவையூட்டிய புகையிலைப் பொருள்களை விற்கத் தடை போட்டு 2020இல் பேரவை சட்டம் இயற்றியது. அதை மக்கள் வாக்குக்கு விடக் கோரிப் புகையிலை கம்பெனிகள் கையெழுத்து சேர்த்தன. கீழ்க்கோர்ட் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு போனால் தடை கிடைப்பதுபோல, அந்தச் சட்டம் நடைமுறைக்கு வராமல் 2022 நவம்பர் வரை நின்றது. அப்போது 31ஆம் முன்மொழிவாக வந்தபோது ‘ஆம்’ என்றால் சட்டம் நிற்கும், ‘இல்லை’ என்றால் போய்விடும். ‘சட்டநீக்க வாக்கெடுப்பு’ என்ற தலைப்பின் கீழே ‘ஆம்’ என்ற கட்டத்தைப் பார்க்கும் தமிழ் வாக்காளர் என்ன நினைப்பார்? நீக்கத்துக்கு ஆம் என்றுதானே! தலைப்பு ஒரு பக்கம் இழுக்க, ஓட்டு மறு பக்கம் விழும். ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் இருந்ததால்தான், 2023இல் சட்டம் கொண்டுவந்து ஆம், இல்லை இரண்டையும் எடுத்துவிட்டு, சட்டம் இருக்கட்டுமா, விலக்கட்டுமா என்று நேராகவே கேட்க வைத்தார்கள். நாம் தமிழில் அந்தக் குழப்பத்தை மறுபடி உள்ளே கொண்டுவரக் கூடாது.

பிரச்சினை இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் முன்முயற்சிதான். மரம் நட்டால் முன்முயற்சி, ஏரி தூர்வாரினால் முன்முயற்சி, அரசு மடிக்கணினி கொடுத்தாலும் முன்முயற்சி. திட்டம், இயக்கம், ஏற்பாடு, பணி என்று ஆளுக்கொரு சொல் வைத்திருந்தோமே, அவையெல்லாம் எங்கே போயின? மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்து, அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து வைத்துவிடுகிறார்கள். வடமொழி கலந்ததா, தனித்தமிழா என்பது எனக்கு இரண்டாவது கவலைதான். படிப்பவர் கையில் பேனாவோடு கட்டத்துக்கு மேல் தயங்கி நிற்கக் கூடாது.

சித்தி அனுப்பிய படத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, “மக்கள் முன்மொழிவு: கையெழுத்து சேர்த்து மக்கள் கொண்டுவந்த சட்டம். ‘ஆம்’ அதிகமானால் சட்டமாகிவிடும்” என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். “சரி, இப்ப புரியுது” என்று பதில் வந்தது. கூடவே, “கடை வாசல்ல அந்தப் பையன் நீட்டினதுல படிக்காமயே கையெழுத்துப் போட்டுட்டேனே, அப்ப நான் வழிமொழிஞ்சிட்டேனா?” என்றும் கேட்டிருந்தார்.